பிரித்துக் கொடுத்த கட்டு

“சேர்த்துக் கட்டாதீர்கள், பிரித்துக் கொடுங்கள்” என்று நான் சொன்னேன். வருவாய்த் துறையில் 32 ஆண்டுகள் வேலை பார்த்தவன் ஒரு நாளைக்குப் பத்து முறை சொல்லியிருக்கக்கூடிய வாக்கியம்தான் அது. ஆனால் 2019 அக்டோபரில், சேலம் மாவட்டத்தில் நான் பணியாற்றிய அலுவலகத்தின் தாழ்வாரத்தில், இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வந்திருந்த ஐந்து பேரிடம் அதைச் சொன்னது சரியா என்ற கேள்வி, ஓய்வு பெற்ற பிறகும் என்னை விடவில்லை. போன வாரம் அதே முகாமிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவர்கள் கொண்டுவந்தவை 43 மனுக்கள், எல்லாமே இந்தியக் குடியுரிமை கேட்டு. அந்த ஆண்டு ஜூன் 17 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அளித்த தீர்ப்புதான் அவர்களைக் கிளப்பிவிட்டிருந்தது. கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களில் இருந்த 65 மலையகத் தமிழர்கள், அதாவது இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போன இந்தியத் தமிழர்களின் வழிவந்தவர்கள், தொடுத்த வழக்கு அது. அவர்கள் புதிதாக விண்ணப்பிக்கலாம், ஆட்சியர்கள் அவற்றைத் தாமதமின்றி மேலே அனுப்ப வேண்டும், மத்திய அரசு 16 வாரங்களுக்குள் முடிவு செய்ய வேண்டும் என்று தீர்ப்பு சொன்னது. அந்தக் கெடு வழக்குத் தொடுத்தவர்களுக்கு மட்டும் உரியது. ஆனால், முப்பது ஆண்டுகளாக எந்தக் கெடுவையும் கேட்டறியாத மக்களிடம் ‘16 வாரம்’ என்ற சொல் போய்ச் சேர்ந்தால் அது அவ்வளவு நுணுக்கமாகவா போய்ச் சேரும்?

அவர்கள் தயாராகி வந்திருந்த விதத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் முகாமின் பொதுக்கூடத்தில் கூடியிருக்கிறார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று போட்டு ஜெராக்ஸ் செலவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பி.காம் முடித்துவிட்டு ஐந்து ரோடு பக்கம் கட்டும் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கப் போய்க்கொண்டிருந்த ஓர் இளைஞர்தான் பொறுப்பாளர். அவர் கையில் நீளமான கோடு போட்ட நோட்டு ஒன்று இருந்தது. அவர் அதைக் கொப்பி என்பார். வரிசை எண், குடும்பத் தலைவர் பெயர், கரையிறங்கிய தேதி, முகாம் அட்டை எண், கைவசம் உள்ள ஆவணம், இல்லாத ஆவணம், யாரிடம் கேட்க வேண்டும் என்று ஏழு கலம் போட்டு, விரல் நுனியில் ஒட்டிய வெள்ளை டிஸ்டெம்பர் தாளில் படாமல் எழுதியிருந்தார். நாங்கள் அலுவலகத்தில் வைத்திருந்த தன்பதிவேடுகளில் ஒன்றுகூட அத்தனை ஒழுங்காக இல்லை. இதை அன்று அவரிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

அந்தக் கட்டின் முதல் மனு ஓர் அம்மாவுடையது. அறுபதைத் தாண்டியவர், காப்பி அறுவடைக் காலத்தில் ஏற்காட்டுக்குப் பழம் பறிக்கப் போகிறவர். மனுவோடு பிளாஸ்டிக் உறையில் ஒரு பழைய இந்தியக் கடவுச்சீட்டும் ஒரு குடும்ப அட்டையும் இருந்தன. இரண்டும் கண்டியில் இருந்த இந்தியத் துணைத் தூதரகத்தில் கொடுத்தவை. மடிப்புகளில் தாள் இற்றுப் போயிருந்ததால் பின்பக்கம் வெள்ளைத் துணி ஒட்டித் தைத்திருந்தார்கள். சொந்த ஊர் என்ற இடத்தில் ‘சேலம் ஜில்லா, ஆத்தூர் தாலுகா’ என்று மங்கிய நீல மையில் எழுதியிருந்தது. அதே பிளாஸ்டிக் உறையில், 1990இல் ராமேசுவரத்தில் கரையிறங்கியபோது எழுதிக்கொடுத்த சீட்டில் அவர் இலங்கையர். இரண்டு தாள்களும் ஒரே பெண்ணைப் பற்றியவை. அந்தப் பெண் எனக்கு எதிரே, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

இதன் பின்னணி பலருக்கும் தெரிந்ததுதான். 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும் என்று முடிவானது. எஞ்சிய ஒன்றரை லட்சம் பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த அம்மாவின் குடும்பம் இந்தியாவின் பங்கில் வந்த குடும்பம். அவருடைய அக்கா தலைமன்னாரில் கப்பலேறி, ‘தாயகம் திரும்பியோர்’ என்ற பெயரோடு வந்து இறங்கி, கோத்தகிரிப் பக்கம் குடியேறி, ரேஷன் அட்டையும் ஓட்டும் பெற்றுவிட்டார். தங்கை, மாமியார் உடல்நிலையைப் பார்த்துக்கொண்டு இரண்டு ஆண்டுகள் தாமதித்தார். அதற்குள் 1983 கலவரம் வந்தது. 1984இல் கப்பல் நின்றது. வவுனியாவுக்கு ஓடி, பிறகு மீன்பிடிப் படகில் வந்தபோது அவர் அகதி. தாமதம் என்ற சொல்லை அலுவலகத்தில் நாள்தோறும் எழுதியிருக்கிறேன். அதற்கு இப்படியொரு நீளம் இருக்கும் என்று அன்றுதான் கண்டேன்.

நாற்பத்து மூன்றில் இப்படிக் கண்டிக் காகிதம் வைத்திருந்தவர்கள், அல்லது பெற்றோரின் காகிதத்தைக் காட்டக்கூடியவர்கள், 17 பேர். மற்ற 26 பேர் மன்னார், முல்லைத்தீவு, வவுனியாப் பக்கத்துக்காரர்களும் அவர்களுக்கு முகாமிலேயே பிறந்த பிள்ளைகளும். அவர்களிடம் முகாம் அட்டையைத் தவிர வேறொன்றும் இல்லை. எல்லா மனுவும் ஒரே கயிற்றில், ஒரே முகப்புக் கடிதத்தின் கீழ் கட்டப்பட்டிருந்தன.

பொறுப்பாளர் கேட்டார்: “ஐயா, இதை அப்பிடியே ஒண்டாக் குடுக்கலாமோ?”

“சேர்த்துக் கட்டாதீர்கள் தம்பி, பிரித்துக் கொடுங்கள். காகிதம் உள்ளவர்களை முதலில் அனுப்புவோம்.”

“நாங்கள் எல்லாரும் ஒண்டாத்தான் வந்தனாங்கள், ஐயா.”

“வந்தது சேர்ந்து வந்திருக்கலாம். கோப்பு அப்படிப் போகாது.”

அந்த அம்மா, அதுவரை பேசாமல் இருந்தவர், “எங்கள முன்னாடி அனுப்பிட்டா, அப்புறம் இவங்கள யாரு சார் பாப்பாங்க?” என்றார். முதல் கட்டுக்கு ஆணை வந்துவிட்டால் அதையே முன்மாதிரியாகக் காட்டி இரண்டாவது கட்டை நகர்த்தலாம் என்றேன். பொறுப்பாளர் தாழ்வாரத்திலேயே குந்தி உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தார்.

நான் சொன்னதில் தவறில்லை என்று இன்றும் வாதாடுவேன். கலந்து கட்டிய கோப்பில் ஒரே ஒரு மனுவில் குறை இருந்தாலும், குறை சுட்டி முழுக் கோப்பையும் திருப்பிவிடுவார்கள். அது கீழே வந்து, வருவாய் ஆய்வாளரிடமும் காவல்துறை உளவுப் பிரிவான கியூ பிரிவிடமும் மறுபடி அறிக்கை கேட்டு, மேலே போவதற்குள் அதிகாரியே மாறிவிடுவார். சட்டமும் அந்த 26 பேருக்கு எதிராகவே இருந்தது. இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், உரிய பயண ஆவணம் இல்லாமல் நாட்டுக்குள் வந்தவர் சட்டவிரோதக் குடியேறி. பதிவு வழியிலோ, நீண்ட காலம் இங்கே வாழ்ந்ததைக் காட்டிக் கேட்கும் இயல்புரிமை வழியிலோ அவர் குடியுரிமை கேட்க முடியாது. மதுரைத் தீர்ப்பும் இந்திய வம்சாவளியினர் என்ற அடித்தளத்தின் மேல்தான் நின்றது. அந்த நிலையில் வலுவான மனுவைப் பலவீனமான மனுவோடு சேர்த்து மூழ்கவிடுவது என்ன நியாயம்?

ஆனால் அதே சட்டத்தை நான் முழுதாகப் படித்தேனா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். பதிவு வழிக் குடியுரிமைக்கு, விண்ணப்பதாரரோ அவருடைய பெற்றோரில் ஒருவரோ பிரிவுபடாத இந்தியாவில் பிறந்திருந்தால்தான் இந்திய வம்சாவளியினர் என்று 5ஆம் பிரிவின் விளக்கம் சொல்கிறது. ஆத்தூர் தாலுகாவில் பிறந்தவர் அந்த அம்மாவின் தாத்தா. அப்பா பிறந்தது இலங்கையில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில். ஆகவே நான் வலுவானது என்று எண்ணி முதலில் வைத்த கட்டும், எழுத்துக்கு எழுத்து பார்த்தால், அத்தனை வலுவானதாக இல்லை. நாற்பத்து மூன்று பேரும் சட்டத்தின் முன் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே ஒரு கோடு போட்டவன் நான்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். அந்த மாதம் எங்கள் அலுவலகத்தில் தணிக்கை. 43 பேருக்கும் ஒரே கோப்பைத் திறந்தால் அதற்கு விளக்கம் எழுத வேண்டியவன் நான். பிரித்துக் கொடுங்கள் என்று சொன்ன நொடியில் என் மனத்தில் அவர்களுடைய நன்மை எவ்வளவு இருந்தது, என் மேசையின் நன்மை எவ்வளவு இருந்தது என்பதை இப்போது அளந்து சொல்ல முடியவில்லை. இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. அப்படிச் சாயும்போதுதான் நம் முடிவு நமக்கு மிகச் சரியாகத் தோன்றுகிறது.

பதினேழும் பரிந்துரையோடு மேலே போயின. அந்த டிசம்பரில் நாடாளுமன்றம் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகள் அதில் இருந்தன, இலங்கை இல்லை. மார்ச்சில் கொரோனா. கூடுதல் விவரம் கேட்டு இரண்டு கடிதங்கள் வந்தன, பதில் அனுப்பினோம், நினைவூட்டு அனுப்பினோம். நான் ஓய்வு பெறும் வரை ஓர் ஆணையும் வரவில்லை. இரண்டாவது கட்டு என் மேசைக்கு வரவே இல்லை.

2021 தொடக்கத்தில், ஓய்வு பெறுவதற்குச் சில வாரங்கள் முன்பு, பொறுப்பாளர் வேறு வேலையாக அலுவலகத்துக்கு வந்திருந்தார். இரண்டாவது கட்டு என்னாயிற்று என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நின்றுவிட்டது என்றார். “நீங்கள் சொன்னது சரியாத்தான் இருக்கும் ஐயா. ஆனா பிரிச்ச பிறகு, ஆர் எந்தக் கட்டில எண்டு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு.” அதில் கோபம் இல்லை. ஒரே குழாயடி, ஒரே சுவர். தாய் முதல் கட்டில், மருமகன் இரண்டாவது கட்டில் என்று ஆன வீடுகளும் உண்டாம். அவர் போன பிறகு பழைய பட்டியலின் நகலை எடுத்துப் பார்த்தேன். அந்த அம்மாவின் மகளைத்தான் அவர் மணந்திருக்கிறார். அவருடைய பெயர் 26 பேரில் ஒன்று. அன்று தாழ்வாரத்தில் குந்தி உட்கார்ந்து, தன் மனுவைத் தன் கையாலேயே உருவி ஓரமாக வைத்திருக்கிறார். நான் அதைக் கவனிக்கவில்லை. பதினேழு பேருக்கும் பரிந்துரை போய்ச் சேரும் வரை, பெயிண்ட் வேலையை விட்டுவிட்டு, ஒவ்வொரு வாரமும் வந்துபோனதும் அவர்தான்.

அதன் பிறகு நடந்தவை என் கேள்வியைத் தீர்க்காமல் இன்னும் சிக்கலாக்கிவிட்டன. 2022இல் அதே மதுரைக் கிளை, மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண் பிறப்பால் இந்தியக் குடிமகள் என்று சொல்லி, அவருக்குக் கடவுச்சீட்டு வழங்க உத்தரவிட்டது. 1987 ஜூலை 1க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர்களுக்குச் சட்டம் தரும் உரிமை அது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்த செய்தியைப் படித்து மனம் நிறைந்தேன். ஒற்றை மனு, தெளிவான தேதி, வென்றது. என் வாதத்துக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் 1986இல் பிறந்த அக்காவுக்குக் கிடைப்பது 1988இல் பிறந்த தம்பிக்கு இல்லை என்பதால், முகாமுக்குள் மூன்றாவதாகவும் ஒரு கட்டு உருவானது.

மாறாக, 2025 செப்டம்பரில் உள்துறை அமைச்சகம் பிறப்பித்த விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களைக் கடவுச்சீட்டு, விசா இல்லாத குற்றத்துக்கான தண்டனையிலிருந்து விடுவித்தது. மலையகமா வடக்கா என்று அது பார்க்கவில்லை. கண்டிக் காகிதம் கேட்கவில்லை. அனைவரையும் ஒரே கட்டாக எடுத்துக்கொண்டது. ஆனால் அது குடியுரிமை இல்லை. எல்லோருக்கும் சேர்த்துக் கிடைப்பது கொஞ்சமாக இருக்கிறது, பிரித்துக் கேட்டால் சிலருக்கு மட்டும் முழுதாகக் கிடைக்கிறது. 1964இலும் ஆட்களை எண்ணித்தானே பிரித்தார்கள்? அந்தப் பிரிவினையைப் படிக்கும்போது கொதிக்கிற நான், அதே குடும்பங்களை ஒரு தாழ்வாரத்தில் 17 என்றும் 26 என்றும் பிரித்தேன். அளவு வேறு, நோக்கம் வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சில இரவுகளில் அது போதுமானதாக இருக்கிறது.

அந்த அம்மா போன ஆண்டு காலமாகிவிட்டார் என்பதைப் போன வாரம் தொலைபேசியில்தான் அறிந்தேன். பேசியவர் பொறுப்பாளர். புதிய ஆணைக்குப் பிறகு முகாமில் மறுபடி கூடிப் பேசத் தொடங்கியிருக்கிறார்களாம். இந்த முறை அறுபது குடும்பங்களுக்கு மேல். சட்டவிரோதக் குடியேறி என்ற தடை இனி எவ்வளவு தூரம் நிற்கும் என்று ஒரு வழக்கறிஞரைப் பார்க்கப் போகிறார்களாம். அதற்கு முன் என்னிடம் ஒன்று கேட்க வேண்டும் என்றார்.

“ஒண்டாக் குடுக்கிறதோ, பிரிச்சுக் குடுக்கிறதோ, ஐயா?”

ஞாயிற்றுக்கிழமை நானே முகாமுக்கு வருகிறேன், எல்லோரும் இருக்கும்போது பேசுவோம், அதற்குள் அந்த நோட்டை எடுத்து வையுங்கள் என்றேன். மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை.

“எந்தக் கொப்பி, ஐயா? இப்ப ரெண்டு கொப்பி இருக்கு.”