கியூபெக்கின் பிரெஞ்சு மூதாதையரைத் தேட, திருமணப் பதிவில் தொடங்குங்கள்

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் குடியேறிய பிரெஞ்சுக்காரர்களின் வம்சத்தைத் தேடுவோர் முதலில் எடுக்க வேண்டியது திருமணப் பதிவு. பங்குக் கோவில் (அந்தந்த ஊர்த் தேவாலயம்) பதிவேட்டில் பொதுவாக மணமக்கள் இருவரின் தாய் தந்தை பெயரும் இருக்கும். அந்தப் பெற்றோரின் திருமணத்தைப் பிடித்தால் ஒரு தலைமுறை மேலே ஏறிவிடலாம். பெண்களைப் பிறந்த வீட்டுப் பெயரிலேயே எழுதிவைத்தார்கள், எவ்வளவு பெரிய கொடை அது!

சிக்கல் 'தி' (dit, அதாவது 'எனப்படும்') என்ற சிறு சொல்லில்தான். இது குடும்பப் பெயரோடு பட்டப்பெயரை இணைக்கும். தகப்பன் 'உடோன் தி போலியூ' என்றிருப்பார். மகன் பதிவில் வெறும் போலியூ. 1665-இல் வந்த கரிஞ்ஞான் என்ற பிரெஞ்சுப் படைப்பிரிவின் வீரர்களிடம் இத்தகைய பட்டப்பெயர்கள் ஏராளம். இரு பெயரிலும் தேடாவிட்டால் வரிசை அங்கேயே அறுந்துபோகும்.

1663 முதல் 1673 வரை குடியேறியவர்களை மணக்க பிரான்ஸ் அரசர் அனுப்பிய பெண்கள் சுமார் 800 பேர். அவர்கள் திருமணப் பதிவில் பிரான்சில் அவர்களது சொந்தப் பங்குக் கோவில் குறிக்கப்பட்டிருந்தால், அந்த மாவட்ட ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் பழைய ஏடுகளைப் பெரும்பாலும் இலவசமாகவே புரட்டலாம்.