பல்பு கொடுத்த காலம்

2007இல் கோவையில் ஒரு எப்.எம். நிலையத்தில் ஆர்.ஜே.வாகச் சேர்ந்தேன். தனியார் எப்.எம்.களுக்குச் செய்தி தயாரித்துச் சொல்ல அனுமதி இல்லை. எல்லாரும் போடுவது அதே சினிமாப் பாட்டு. இரண்டு பாட்டுக்கு நடுவில் என்ன செய்கிறோம் என்பதில்தான் பிழைப்பு. நான் போனில் ஆட்களுக்குப் பல்பு கொடுத்தேன்.

நேரலை என்றுதான் கேட்பவர்கள் நினைப்பார்கள். முந்தின நாளே பதிவு செய்துவிடுவோம். ஆளைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் நண்பனோ மனைவியோதான். என்ன சொன்னால் கோபம் வரும் என்பது வரை சொல்லிவிடுவார்கள். கேஸ் ஏஜென்சிக்காரனாக, குரியர் ஆளாக, கல்யாணத் தரகராகப் பேசுவேன். பத்துப் பேருக்குப் போட்டால் மூன்று தேறும். கோவைக்காரர்கள் திட்டும்போதும் ‘ங்க’ போட்டுத்தான் திட்டுவார்கள். வார்த்தைக்கு பீப் போட்டுவிட்டு ‘ங்க’வை மட்டும் விட்டுவைப்போம். அதற்கே சிரிப்பார்கள்.

கடைசியில் உண்மையைச் சொல்லி, “ரேடியோவில் போட்டுக்கலாமா?” என்று கேட்டுக்கொள்வோம். அந்தப் பகுதி ஒலிபரப்பில் வராது.

பொள்ளாச்சிப் பக்கத்துப் பையன் ஒருவன், பி.காம். முடித்து எட்டு மாதமாக வேலை தேடிக்கொண்டிருந்தான். நம்பர் கொடுத்தது அவன் நண்பன். நான் கம்பெனி மேனேஜர். ஒற்றைக் காலில் நின்று பதில் சொல்லச் சொன்னேன். “நின்னுட்டேன் சார்” என்றான். மூச்சு வாங்குவது கேட்டது. பதினேழாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னேன். 136இல் திக்கி, மன்னிப்புக் கேட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். “திங்கட்கிழமை வந்து சேந்துக்குங்க” என்றதும் போனைக் கையால் பொத்தினான். பொத்தியும் கேட்டது: “அம்மா, கெடச்சிருச்சு.”

இது ரேடியோ என்று சொன்னேன். பின்னால் குக்கர் விசில் அடித்தது. போட்டுக்கலாமா தம்பி என்றேன். “சரிங்க சார்.”

அந்த ‘அம்மா’வை வெட்டிவிட்டு மிச்சத்தைப் போட்டோம். மறுநாள் நிலையத்துக்குப் போன் ஓயவில்லை. டீக்கடையில் என் குரலைக் கேட்டே ஒருவர் திரும்பிப் பார்த்தார். பொய் சொல்லக் கூடாது, தலைகால் புரியாத சந்தோஷம்தான் எனக்கு.

2012 டிசம்பரில் சிட்னியின் 2டே எப்.எம். தொகுப்பாளர்கள் இருவர், இளவரசர் வில்லியமின் மனைவி கேட் சிகிச்சையில் இருந்த லண்டன் மருத்துவமனைக்கு, ராணியாகவும் சார்லஸாகவும் நடித்துப் போன் போட்டார்கள். அதை நம்பி வார்டுக்கு இணைப்புக் கொடுத்த நர்ஸ் ஜெசிந்தா சல்டானா, மங்களூர்ப் பக்கத்துக்காரர், மூன்று நாளில் உயிரை மாய்த்துக்கொண்டார். ஒலிபரப்புக்கு முன் மருத்துவமனையை ஐந்து முறை தொடர்புகொள்ள முயன்றோம் என்றது நிலையம். எங்கள் ஸ்டூடியோவிலும் அதுதான் பேச்சு. “நாம கேட்டுட்டுத்தானே போடறோம்” என்றார் ப்ரொட்யூசர். நானும் தலையாட்டினேன்.

ஆனால் அந்தப் பையனின் ‘சரிங்க சார்’ காதிலேயே நின்றது. ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னபோது சொன்ன அதே குரல். மேனேஜருக்குச் சொன்ன சம்மதம் அது, எனக்கு இல்லை.

அன்று இரவு பழைய ஹார்ட் டிஸ்கில் தேடி, வெட்டாத பதிவைப் போட்டுக் கேட்டேன். ‘சரிங்க சார்’ முடிந்த பிறகும் நாலைந்து வினாடி ஓடுகிறது. “சார், அப்ப திங்கக்கெழம…” என்று தொடங்குகிறான். அதற்குள் நான் போனை வைத்திருக்கிறேன்.