மூணும் அஞ்சும் எட்டு, அடுத்து நாலு வந்தால்?

மெய்ப்புத் திருத்துவதுதான் என் பிழைப்பு. மனச்சோர்வு என்னைப் பிடித்திருக்கிறது என்பதும் அந்த வேலையில்தான் முதலில் தெரிந்தது. ஒரு வாக்கியத்தின் பயனிலைக்குப் போய்ச் சேர்வதற்குள் எழுவாய் மறந்துவிடும். திரும்பிப் போய்ப் படித்தால் மறுபடியும் அதே கதை. ஒற்று மிகுமா மிகாதா என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற ஆளுக்கு, ஒரு பக்கத்தைத் தாண்ட அரை நாள் ஆனது. கண்ணாடியை மாற்றிப் பார்த்தேன். அது கண் சமாச்சாரம் இல்லை.

மனநல மருத்துவர், மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 என்ற கேள்வித்தாளை நிரப்பச் சொன்னார். ஒன்பது கேள்விகள், 0 முதல் 27 வரை மதிப்பெண். எனக்கு 17 வந்தது. ஓரளவு கடுமையான நிலை என்றார். அதில் ஏழாவது கேள்வியைப் பார்த்ததும் அசந்துபோனேன்: செய்தித்தாள் படிப்பது, டிவி பார்ப்பது போன்றவற்றில் கவனம் செலுத்தச் சிரமப்படுகிறீர்களா? சோகம், தூக்கம், பசி எல்லாம் கேட்பார்கள் என்று தெரியும். இதையும் கேட்பார்கள் என்று தெரியாது.

மருந்தோடு இணையவழிப் பேச்சு சிகிச்சையும் தொடங்கியது. வாரம் ஒருமுறை வீடியோவில் ஆலோசகர். நடுவில் படிக்கவும் எழுதவும் பாடங்கள். இது சி.பி.டி. வகை, அதாவது எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றிப் பழக்கும் சிகிச்சை. 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் வகுத்த வழி. அதன் முக்கியமான வீட்டுப்பாடம் எண்ணப் பதிவு. என்ன நடந்தது, மனசில் என்ன ஓடியது, அந்த எண்ணத்துக்கு ஆதாரம் என்ன, எதிராக என்ன இருக்கிறது என்று கட்டம் போட்டு எழுத வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் ஆதாரத்தையும் எதிர் ஆதாரத்தையும் ஒரே நேரத்தில் மனசில் நிறுத்தி எடைபோடத் தெம்பு வேண்டுமே. அந்தத் தெம்பைத்தானே நோய் முதலில் பிடுங்கிக்கொண்டது! முதல் கட்டத்தோடு என் பேனா நின்றுவிடும்.

இதைச் சொன்னபோது ஆலோசகர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "அப்போ கவனத்தோட பக்கத்துல இருந்தும் கொஞ்சம் முயற்சி பண்ணிப் பார்ப்போம்" என்று ஒரு பயிற்சியைச் சேர்த்தார்.

பயிற்சி இதுதான். ஹெட்போனில் ஒரு குரல் எண்களைச் சொல்லும். கடைசியாகக் கேட்ட இரண்டு எண்களை மட்டும் கூட்டி விடையைத் தட்ட வேண்டும். மூணு, அஞ்சு என்றால் எட்டு. அடுத்து நாலு வந்தால்? பன்னிரண்டு என்று கை போகும். கூடாது, அஞ்சும் நாலும் ஒன்பது. அதாவது நீங்களே இப்போது சொன்ன எட்டை உடனே மறந்துவிட்டு, அதற்கு முன் கேட்ட அஞ்சை மட்டும் பிடித்து வைத்திருக்க வேண்டும். வரிசையாகச் சரியாகச் சொன்னால் குரல் வேகமெடுக்கும், தடுமாறினால் மெதுவாகும். எரிச்சலூட்டுவதில் இதை மிஞ்ச ஒன்று கிடையாது. தலையில் அடிபட்டவர்கள் எவ்வளவு தேறியிருக்கிறார்கள் என்று அளக்க 1970களில் நியூசிலாந்தின் டோரதி க்ரான்வால் பயன்படுத்திய சோதனையாம் இது. பிறகு அமெரிக்காவில் கிரெக் சீகல் குழுவினர் மனச்சோர்வு உள்ளவர்களுக்கு இதையே பயிற்சியாகக் கொடுத்துப் பார்த்து 2007இல் எழுதினார்கள்.

எனக்கு இதில் உபயோகப்பட்டது கணக்கு அல்ல. ஒரு விடை தப்பினால் போதும், "இது கூடவா வரல?" என்று உள்ளே ஒரு குரல் ஆரம்பித்துவிடும். அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அடுத்தடுத்த எண்கள் கடந்து போயிருக்கும். ஒரு தப்பு நாலு தப்பாகும். அடுத்த வீடியோ சந்திப்பில் ஆலோசகர் இதைத்தான் பிடித்துக்கொண்டார்.

"தப்பானதும் மனசு என்ன சொல்லுச்சு? அதே வார்த்தையில சொல்லுங்க."

"எல்லாமே தப்பாப் போகுது, மூளை போயிடுச்சுன்னு சொல்லுச்சு, மேடம்."

"திரையில என்ன போட்டிருக்கு?"

68 சதவீதம் சரி என்று போட்டிருந்தது.

"சரி, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதுங்க."

நான் முழுதாக நிரப்பிய முதல் எண்ணப் பதிவு அதுதான். வாழ்க்கையில் நடப்பவற்றுக்கு ஆதாரம் தேடினால் வாதாடலாம், மழுப்பலாம். இங்கே எண்ணமும் புதுசு, ஆதாரமும் கண்ணெதிரே. அதற்குப் பிறகு பயிற்சியின் நோக்கத்தையே மாற்றிக்கொண்டோம். மதிப்பெண்ணைக் கூட்டுவது இரண்டாம்பட்சம். தப்பிய எண்ணை விட்டுவிட்டு அடுத்த எண்ணை எவ்வளவு சீக்கிரம் பிடிக்கிறேன் என்பதுதான் பார்வை. ஒரு பக்கத்தில் ஒரு பிழையைக் கோட்டைவிட்டால் அன்று முழுக்க அதையே அரைத்துக்கொண்டிருக்கும் எனக்கு இது எங்கே வந்து பொருந்தியது என்று சொல்லத் தேவையில்லை.

மூளைப் பயிற்சி என்று விற்கப்படும் எல்லாவற்றுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆதாரமில்லாமல் பெரிதாக விளம்பரம் செய்ததற்காக லுமோசிட்டி என்ற மூளைப் பயிற்சிச் செயலியை நடத்தும் நிறுவனம் 2016இல் அமெரிக்க வணிக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. ஒரு பயிற்சியைத் திரும்பத் திரும்பச் செய்தால் அந்தப் பயிற்சியில் கெட்டிக்காரராவோம், அது நிச்சயம். மனநிலையும் கூடவே மாறுமா என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. இணையவழி சி.பி.டி. விஷயம் அப்படியில்லை, அதற்கு ஆய்வுகளின் பலம் நன்றாகவே இருக்கிறது. அதுவும் மறுமுனையில் ஓர் ஆள் வழிகாட்டினால் பலன் கூடுகிறது. தனியாக விட்டிருந்தால் இரண்டாம் நாளே அந்த ஹெட்போனைக் கழற்றி எறிந்திருப்பேன்.

வீடியோ சந்திப்பில் ஒரு சின்ன யோசனை: திரையில் உங்கள் முகம் உங்களுக்கே தெரிவதை அணைத்துவிடுங்கள். பாதிப் பேச்சு என் கண்ணுக்குக் கீழிருந்த கருவளையத்தோடுதான் நடந்துகொண்டிருந்தது.

அந்தக் கேள்வித்தாளின் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் பற்றியது. அதற்கு "இல்லை" தவிர வேறு விடை உங்களிடம் இருந்தால் பயிற்சியெல்லாம் பிறகு; மருத்துவரிடமோ அவசர உதவி எண்ணிலோ இன்றே பேசுங்கள்.

அதே கேள்வித்தாளில் இப்போது என் மதிப்பெண் 6. முழுப் புத்தகத்தின் மெய்ப்பை எடுத்துக்கொள்கிறேன், முன்பைவிட மெதுவாக. எண் கூட்டும் பயிற்சியை ஆலோசகரிடம் கேட்டே நிறுத்தியாகிவிட்டது. எண்ணப் பதிவு ஓடுகிறது. மருந்தைக் குறைப்பது பற்றி அடுத்த சந்திப்பில் பேசலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.