இரண்டு மீட்டருக்கு மேல் போனால் கடலுக்கே

நார்வேயில் பொழுதுபோக்காகக் கடலில் தூண்டில் போட உரிமம் எதுவும் தேவையில்லை. கடலூர்க்காரனுக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை. ஹாலிபட் என்ற பெரிய தட்டை மீன் விழுந்தால் மட்டும் கையில் அளவு நாடா இருக்க வேண்டும். 84 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் மீனை விட்டுவிட வேண்டும். இரண்டு மீட்டரைத் தாண்டினாலும் விட்டுவிட வேண்டும். முதல் விதி எங்கள் ஊரில் எல்லோருக்கும் புரிகிறது. இரண்டாவதைச் சொன்னால் தேவனாம்பட்டினத்தில் சிரிக்கிறார்கள்.

நார்வேயில் வேலை செய்கிற நான் விடுமுறைக்கு ஊருக்கு வருவது பெரும்பாலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்தில்தான். வெயில் கொளுத்தும் என்று தெரிந்தேதான் வருகிறேன். விசைப்படகுகள் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும், வலை பின்னிக்கொண்டிருப்பவர்களுக்குப் பேச நேரம் இருக்கும். இந்த முறை சித்தப்பாவிடம் கைப்பேசியில் ஒரு காட்சியைக் காட்டினேன். வடக்கு நார்வேயின் செனியா தீவுக்கு வெளியே, படகின் ஓரத்தில், யாரோ வீட்டுக் கதவைக் கழற்றித் தண்ணீரில் மிதக்கவிட்டதுபோல் ஒரு ஹாலிபட். நம் எருமை நாக்கு மீனின் இனம்தான் என்றேன். இரண்டு கண்ணும் ஒரே பக்கம், அடிப்பக்கம் வெளுப்பு. எங்கள் வீட்டுச் சட்டியில் அடங்குகிற மீனுக்கு வடகடலில் இப்படி ஒரு உறவா என்று பார்த்துக்கொண்டிருந்தவர், அதை அவிழ்த்துவிடுகிற இடம் வந்ததும் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“நூறு கிலோ தேறும். ஏலத்தில் வைத்தால் டீசல் கடன் அடையும். அதை விடுவதற்கு ஒரு சட்டமா தம்பி?”

சட்டம் என்ற சொல்லே அங்கே சூடு கிளப்பும். மீன் கூட்டத்தையே வளைத்துச் சுருக்கி அள்ளுகிற சுருக்குமடி வலைக்கான தடையில் இரண்டு பக்கமும் கோபத்தோடு நிற்கிற கடற்கரை அது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கரையோர எல்லைக்கு அப்பால், வாரத்தில் திங்களும் வியாழனும் மட்டும் என்று நிபந்தனையோடு அனுமதித்த பிறகும் பேச்சு அடங்கவில்லை. அதனால் சட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டு மீனைப் பற்றிப் பேசினோம்.

நான் டீசல் மெக்கானிக்காகத்தான் நார்வேயின் வடக்கே போனேன். நவம்பர் கடைசியில் மறைகிற சூரியன் ஜனவரி நடுவில்தான் திரும்பத் தலைகாட்டும். பட்டறையில் பதினொன்றரைக்கே ரொட்டியைப் பிரித்துவிடுவார்கள். சாப்பாட்டு மேசையில் யாரும் வலிய வந்து பேச மாட்டார்கள். ஒரு கோடையில் நான் ஹாலிபட் பிடித்த செய்தி ஒருவர் காதில் விழுந்தது. “எத்தனை சென்டிமீட்டர்? எந்த ஆழத்தில்? மணலா, பாறையா?” என்று மேசை முழுவதும் என் பக்கம் திரும்பியது. என் அரைகுறை நார்வீஜியன் உண்மையில் வளர்ந்தது அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லித்தான். மொழி வகுப்பில் ரயில் டிக்கெட் வாங்குவது எப்படி என்று சொல்லிக் கொடுத்தார்கள். எங்கள் தீவில் ரயிலே கிடையாது.

படகு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர். 1980களில் வடக்கு நார்வேயின் மீன் ஆலைகளுக்கு வேலைக்கு வந்த இலங்கைத் தமிழர்களில் அவரும் ஒருவர். பிற்பாடு பலர் ஆஸ்லோ பக்கம் இறங்கிவிட்டார்கள், அவர் இறங்கவில்லை. மிதவை உடை போடாமல் படகில் கால் வைக்க விடமாட்டார். மணல் தரை உள்ள இடத்தில் அடி வரை தூண்டிலை இறக்கி, சற்றுத் தூக்கிப் பிடிக்க வேண்டும். பெரிய மீன் கடித்தால் முதலில் ஒன்றும் தெரியாது, வெறும் பாரம்தான். பிறகு அது தரையை நோக்கிப் பாயும்போது தூண்டில் நரம்பு ஓடுகிற ஓட்டத்தில் கட்டைவிரல் தோல் போய்விடும். உயிரோடு அதைப் படகுக்குள் ஏற்றுவது மடத்தனம். வால் அடித்தால் கால் எலும்பு முறியும். தண்ணீரிலேயே வைத்து அளந்து, குறடால் தூண்டில் முள்ளைக் கழற்றிவிட வேண்டும். முள் ஆழத்தில் இருந்தால் நரம்பை அறுத்துவிட வேண்டும்.

இதைக் கேட்டதும் சித்தப்பா சரியான கேள்வியைக் கேட்டார்: “விட்டால் பிழைக்குமா?” ஆழத்திலிருந்து இழுத்த களவா வயிறு ஊதி, கண் பிதுங்கி வருவதை அவர் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார், அதைத் திருப்பி விட்டாலும் கீழே போகாது. வளர்ந்த ஹாலிபட்டுக்கு அப்படி ஊதுவதற்குக் காற்றுப்பையே இல்லை. செவுளில் காயம் படாமல் இருந்தால், அவிழ்த்துவிட்ட கணமே நேராக அடிக்குப் போய்விடும். அதை ஒப்புக்கொண்டார்.

அடுத்து இரண்டு மீட்டர் விதியின் காரணம். 2017இல் வந்த விதி அது. வயதான பெரிய ஹாலிபட்டின் சதையில் பாதரசமும் டையாக்சின் என்ற நச்சும் அளவுக்கு மீறிச் சேர்ந்திருப்பது தெரிந்த பிறகு கொண்டுவந்தார்கள். “விஷம் என்றால் சரி, விட்டுவிட வேண்டியதுதான்” என்றார் உடனே. ரசாயன ஆலைகளுக்குப் பக்கத்தில், உப்பனாற்றில் வலை வீசி வளர்ந்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

எனக்குத்தான் இந்தக் காரணம் உறுத்துகிறது. ஆண் ஹாலிபட் ஐம்பது கிலோவை எட்டுவதே அரிது. ஆக, இரண்டு மீட்டர் மீன் என்றால் அது பெண்தான். ஒரு பருவத்தில் லட்சக்கணக்கில் முட்டையிடுகிற தாய். அதைச் சாப்பிடக் கூடாது என்பதற்காகத்தான் சட்டம் காப்பாற்றுகிறது, தாய் என்பதற்காக அல்ல. ஒரு மீட்டரைக் கடந்த பிறகுதான் பெண் மீன் முதன்முதலாகச் சினை பிடிக்கும். 84 சென்டிமீட்டரில் எடுத்து வருவது ஒரு முறைகூட முட்டையிடாத குமரியாக இருக்கலாம். வெளியே பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லவும் முடியாது. நடுவில் உள்ள பெரிய இடைவெளியைச் சட்டம் நம் கையில் விட்டுவிடுகிறது. டிசம்பர் 20 முதல் மார்ச் 31 வரை ஹாலிபட்டுக்கு வலை போடத் தடை இருக்கிறது என்பது உண்மைதான். அதைச் சொன்னபோது மட்டும் சித்தப்பா, “அதுவும் நம் தடைக்காலம் மாதிரிதான்” என்று தலையாட்டினார்.

வாடகைப் படகில் வருகிற சுற்றுலாக்காரர்களில் பலர், ஒன்றரை மீட்டருக்கு மேல் எது விழுந்தாலும் படம் எடுத்துவிட்டு அவிழ்த்துவிடுகிறார்கள். பிறகு அடுத்ததற்குத் தூண்டிலை இறக்குகிறார்கள். நாள் முழுக்க இதுதான். அண்ணாவுக்கு இது பிடிக்காது. “சாப்பாட்டோடு விளையாடக் கூடாது” என்பார். எங்கள் பட்டறையின் வயதான நார்வேக்காரர்களும் இதையேதான் சொல்கிறார்கள். ஒரு மீன் கிடைத்தால் அண்ணா அதை வைத்துக்கொண்டு தூண்டிலைச் சுருட்டிவிடுவார், அது ஒன்றே முக்கால் மீட்டராக இருந்தாலும் சரி. நான் ஒரு மீட்டர் அளவில் கிடைத்ததை வைத்துக்கொள்கிறேன். அதுவே எங்கள் உறைபெட்டிக்குப் பல வாரக் குழம்பு. 130 சென்டிமீட்டரைத் தாண்டினால் விடுகிறேன், செவுளில் ரத்தம் வந்தால் மட்டும் விடுவதில்லை. தூண்டிலைச் சுருட்டுவதில் அண்ணா சொல்வதுதான் சரி. பொழுது போகவில்லை என்பதற்காக ஒரு தாய் மீனை ஒரு மணி நேரம் இழுத்துவிட்டு விடுவதில் கருணை எங்கே இருக்கிறது?

சித்தப்பா வலையில் ஆமை சிக்கினால் வலையை அறுத்தாவது விடுவார். அதற்கு ஏலக் கணக்கு போட்டதில்லையே என்று கேட்டேன். “அது வேறு” என்றார். எப்படி வேறு என்று சொல்லவில்லை, நானும் கிளறவில்லை.

படகு அண்ணாவுடையது. அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு: என் தூண்டிலில் பெரியது விழுந்தால் நான் விடுவேன், அவர் வாய் திறக்கக் கூடாது. அவர் தூண்டிலில் விழுந்தால் அது அவர் பாடு.