மூக்குக்குக் கோடு இல்லை

ஜனவரி 5
பிரதிக்கான கேன்வாஸ் 44.5 × 39 செ.மீ. ஹேக் நகரின் மொரித்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் உள்ள, டச்சு ஓவியர் வெர்மீர் வரைந்த ‘முத்துத் தோடணிந்த பெண்’ இதே அளவுதான். பெரிதாக்கினால் வெர்மீரின் பிரஷ் தடங்கள் கணக்குத் தப்பும். கெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சின் மேல் சாம்பல் கலந்த மங்கல் மஞ்சள் பூச்சு. வெறும் வெள்ளைமேல் நிழலின் ஆழத்தை எடைபோட முடியாது.

ஜனவரி 6
மூக்குக்குக் கோடே இல்லை.

ஜனவரி 9
அடிப்படம்: பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பும் கறுப்பும் டர்பன்டைனில் கரைத்து. கீழே எண்ணெய் குறைவு, மேலே போகப்போக அதிகம். தலைகீழானால் மேல்பூச்சு முதலில் இறுகும், அடியில் இருப்பது அப்புறமும் அசையும், வெடிப்பு விழும். ஐவரி பிளாக் என்ற கறுப்பு காய நாளாகும். அம்பர் சீக்கிரம் காயும். பின்னணியில் அம்பரைச் சேர்ப்பது அதற்காகத்தான்.

ஜனவரி 10
தொட்டால் ஒட்டுகிறது.

ஜனவரி 14
மூக்குத் தண்டும் அப்புறத்துக் கன்னமும் ஒரே நிறம், ஒரே வெளிச்சம். நடுவில் வெர்மீர் எதையும் போடவில்லை. மூக்கைக் காட்டுவது இப்புறத்து நிழலும் நுனி வெளிச்சமும்தான். கை மட்டும் அங்கே வரம்பு இழுக்கத் துடிக்கும். கன்னம் ஈரமாக இருக்கும்போதே உலர்ந்த மென்பிரஷ்ஷை எடையில்லாமல் குறுக்கே ஓட்டவேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் துணியில் துடைக்கவேண்டும். அவர் ஈய வெள்ளை பூசினார், அது நஞ்சு. டைட்டானியம் வெள்ளை கொஞ்சம் கூடினாலும் தோல் சுண்ணாம்படித்த சுவராகிவிடும். நேப்பிள்ஸ் மஞ்சளால் தணிக்கலாம்.

ஜனவரி 27
2018 ஆய்வில் தெரிந்தது: பின்னணி வெறும் கறுப்பு அல்ல, பச்சைத் திரை. கறுப்பின்மேல் அவுரி நீலமும் வெல்ட் செடியின் மஞ்சளும் கலந்த மெல்லிய பூச்சு, இரண்டும் வெளுத்துவிட்டன. இன்றைய கறுப்பையா பிரதியெடுப்பது? என்னைக் கேட்டால் பச்சையைத்தான் போடவேண்டும். அடுக்கைக் கற்காமல் பிரதி எதற்கு? விரிடியன் பச்சையோடு ஒளிபுகும் மஞ்சள். ஸ்டாண்ட் ஆயில் (கெட்டியாக்கிய ஆளிவிதை எண்ணெய்) 1 பங்கு, டர்பன்டைன் 2 பங்கு. முதலில் காய்ந்த கறுப்பில் ஆளிவிதை எண்ணெயைத் தடவி ஒற்றியெடுத்தால் திட்டுத்திட்டாக உறிஞ்சாது.

ஜனவரி 28
எண்ணெய்த் துணியை விரித்தே காயவைக்க வேண்டும். சுருட்டிவைத்தால் தானே தீப்பிடிக்கும்.

ஜனவரி 30
முத்துக்குக் கொக்கியும் இல்லை, வெளிவட்டமும் இல்லை. மேலே தடித்த ஒரு வெள்ளைத் தீற்றல். கீழே காலரின் வெளிச்சம், அடிநிறம் தெரியும்படி மெலிதாக. அதற்குமேல் தொடக்கூடாது.

பிப்ரவரி 2
பின்னணி ஆழமானதும் அப்புறத்துக் கன்னத்தின் விளிம்பு வெட்டியதுபோல் நிற்கிறது. மூக்கு மறுபடி தட்டை. பச்சை இன்னும் ஈரம்தான். விளிம்பை மட்டும் உலர்ந்த பிரஷ்ஷால், உள்ளிருந்து வெளியே இழுக்கவேண்டும்.