1914 குவார்ட்டர் ஈகிள்: எடை சரி, தங்கம் சரி, நாணயம் போலி

அமெரிக்காவின் இரண்டரை டாலர் தங்க நாணயத்தில், பூர்வகுடித் தலைவரின் முகம் பொறித்த வரிசையைச் சேர்க்கத் தொடங்கிப் பதினான்கு மாதம் ஆகிறது. குவார்ட்டர் ஈகிள் என்று பெயர். 1908 முதல் 1915 வரையும், பிறகு 1925 முதல் 1929 வரையும் அச்சடித்தார்கள். ஆண்டையும் மின்ட் மார்க்கையும் (அடித்த ஆலையைக் காட்டும் எழுத்து; 'டி' என்றால் டென்வர்) வைத்துப் பிரித்தால் மொத்தம் 15 நாணயம். என்னிடம் இப்போது 6 இருக்கின்றன. நடுவில் வந்து திரும்பிப் போன ஒன்றும் உண்டு. என் நோட்டில் பாதிப் பக்கம் அதற்கே செலவாகியிருக்கிறது.

இந்த வரிசையை எடுத்ததற்குக் காரணம் அதன் அமைப்பு. பெலா லியான் பிராட் என்ற சிற்பி வடிவமைத்தது. மற்ற நாணயங்களில் உருவம் மேடாக எழும்பி நிற்கும்; இதில் முகம், இறகுத் தலையணி, எழுத்து எல்லாமே பரப்புக்குக் கீழே அமிழ்ந்திருக்கும். பரப்புதான் உயரமான இடம் என்பதால் கைபட்ட தேய்மானம் முழுக்க அங்கேதான் விழும். குறுக்களவு 18 மில்லிமீட்டர், எடை 4.18 கிராம், அரைப் பவுனுக்கு ஒரு துளி கூடுதல். நூற்றுக்குத் தொண்ணூறு தங்கம், மீதி செம்பு. நம் 916 நகையைவிட மாற்று கொஞ்சம் குறைவு.

முதலில் வாங்கியது, சான்றளித்து பிளாஸ்டிக் உறையில் பூட்டிய 1925-டி. உறையையும் போலியாகச் செய்கிறார்கள் என்பதால், அதிலிருந்த எண்ணைச் சான்றளித்த நிறுவனத்தின் பதிவோடும் படத்தோடும் ஒப்பிட்ட பிறகே பணம் கொடுத்தேன். மூன்று வாரம் தினமும் இரவு பத்து மடங்கு லென்ஸில் அதை மட்டும் பார்த்தேன். நல்லதைக் கண்ணுக்குப் பழக்கிவிட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அடுத்து, உறையில்லாத 1928 ஒன்று, சோதனைக்கென்றே.

தங்கம் என்றால் உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதுதான் நமக்குத் தெரிந்த வழி. நாணயத்தில் அதைச் செய்யவே கூடாது. ஒரு கோடு விழுந்தாலும் மதிப்பு போய்விடும். அதனால் தண்ணீர்ச் சோதனை. தராசில் தண்ணீர்க் கோப்பையை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, மெல்லிய நைலான் நூலில் நாணயத்தைக் கட்டி அடியில் தொடாமல் முழுகவிட வேண்டும். தராசு காட்டுவது விலகிய தண்ணீரின் எடை. நாணயத்தின் எடையை அதால் வகுத்தால் ஒப்படர்த்தி கிடைக்கும். இந்தக் கலவைக்கு 17.2 அளவில் வர வேண்டும்.

முதல் நாள் சமையலறைத் தராசில் 0.24 வந்தது, இரண்டாம் முறை 0.25. முதலாவதுக்கு விடை 17.4, இரண்டாவதுக்கு 16.7. இத்தனை சின்ன நாணயத்துக்குக் கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும் தராசு போதவே போதாது. மில்லிகிராம் காட்டும் தராசு வாங்கினேன். 4.179, 0.243, விடை 17.2. அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆறாம் மாதம் ஒரு வியாபாரியிடம் உறையில்லாத 1914 கிடைத்தது. 1911-டிக்கு அடுத்தபடியாக இந்த வரிசையில் எல்லோரும் தேடும் ஆண்டு. திருப்பிக் கொடுக்கலாம் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் எடுத்தேன். எடை 4.175. தண்ணீரில் 0.243. காந்தம் ஒட்டவில்லை. விட்டமும் தடிமனும் சரி. நோட்டில் 'உண்மை' என்று எழுதியே விட்டேன்.

இரண்டு நாள் கழித்து 1928-க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் உறுத்தியது. இறகின் நரம்புகள் சோப்பில் கரைந்தாற்போல மழுங்கியிருந்தன. தலைவரின் பிடரியில் மயிரிழை போல மூன்று கோடுகள். கீறல்தானே என்று முதலில் விட்டேன். பிறகு அறை விளக்கை அணைத்து, மேசை விளக்கை மட்டும் இடப்பக்கம் தாழ்வாக வைத்தேன். கீறல் பள்ளம், வெளிச்சம் அதன் வலப்பக்கச் சுவரில்தான் விழ வேண்டும். இந்தக் கோடுகளில் விளக்கைப் பார்த்த இடப்பக்கமே மின்னியது. நாணயத்தைத் திருப்பி வைத்தும் அதேதான். கோடுகள் மேடாக இருந்தன.

கைமாறும்போது படும் அடி நாணயத்தில் பள்ளத்தைத்தான் உண்டாக்கும். மேடு வர வேண்டுமானால் அச்சிலேயே வெட்டு இருந்திருக்க வேண்டும். உண்மையான நாணயத்திலிருந்து படியெடுத்து அச்சு செய்தவர், தெளிவில்லாத இடத்தை உளியால் சரிசெய்த தடம் அது. பிடரியில் வரும் இந்த மேட்டுக்கோடுகள் இந்த வரிசைப் போலிகளில் நன்கு அறியப்பட்ட அடையாளம் என்று பிறகு தெரிந்தது. முகத்துக்கு முன்னால் வெற்றுப் பரப்பில் ஒரு சின்னக் குழியும் இருந்தது, அடிபட்டது போல. ஆனால் குழிக்குள்ளும் சுற்றிலும் ஒரே மினுக்கம். பின்னால் பட்ட அடியென்றால் அந்த இடத்து மினுக்கம் நசுங்கியிருக்கும்.

அடுத்த மாத நாணயக் கண்காட்சியில் ஒரு முதியவர் கற்பிப்பதற்காகப் போலிகளை ஒரு தட்டில் வைத்திருந்தார். அதில் ஒரு 1914. லென்ஸை வைத்தேன். அதே இடத்தில் அதே குழி. "ரெண்டும் ஒரு தாய் பிள்ளைகள்" என்கிற பொருளில் ஏதோ சொல்லிவிட்டு என் தோளைத் தட்டினார். மூல நாணயத்தில் பட்ட ஒரே அடி, அச்சில் ஏறி, எல்லாப் பிள்ளைகளிடமும் இறங்கியிருக்கிறது.

தங்கத்திலேயே போலி செய்வார்களா என்று வீட்டில் கேட்டார்கள். செய்தார்கள். 1933 ஏப்ரலில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் ஆணையால் மக்கள் தங்கத்தை ஒப்படைக்க வேண்டியதாயிற்று. சேகரிப்பு மதிப்புள்ள அரிய நாணயங்களுக்கு விலக்கு இருந்தது. நாணயத்தின் விலை தங்கத்தின் விலையைத் தாண்டி நின்றதால், சரியான மாற்றில் அடித்தாலும் லாபம் இருந்தது. பிந்தைய ஆண்டுகளில் லெபனானில் அடித்தவை ஏராளம். 1907 இருபது டாலர் நாணயத்தைப் போலி செய்த ஒருவர் கழுகின் நகத்தில் ஒமேகா என்ற கிரேக்க எழுத்தைப் பொறித்தே விட்டிருக்கிறார். 1972-இல் அமெரிக்க நாணயவியல் சங்கம் சான்றளிக்கும் பிரிவைத் தொடங்க வேண்டிவந்தது.

நாணயத்தைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிவிட்டேன், இரண்டு வாரம் பேசிய பிறகு.

1911-டியை உறையில்லாமல் வாங்குவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். டென்வரில் அடித்தது 55,680 மட்டுமே; சாதாரண 1911-இல் 'டி' எழுத்தை ஒட்டவைத்து விற்பது பழைய தொழில். அதற்குப் பணம் சேரும்வரை சுலபமானவற்றை எடுக்கிறேன். நேற்று வந்தது 1927. 4.178, 0.243. பிடரி சுத்தம். 'உண்மை' என்று இன்னும் எழுதவில்லை; விளக்கடியில் மூன்று இரவு பார்க்க வேண்டும், ஒன்று முடிந்திருக்கிறது.