முனுசாமியும் முனிசாமியும்: நியூசிலாந்து போகுமுன் நான் சேர்த்த பத்திரங்கள்

2024 ஆகஸ்டில் மலேசியாவின் சுங்கை சிப்புட்டை விட்டு நியூசிலாந்தின் ஹமில்டன் நகருக்கு வேலைக்குப் போனேன். செம்பனை எண்ணெய் ஆலைகளில் பதினோரு ஆண்டுகள் ஃபிட்டராக இருந்த எனக்கு, பால் பொருள் தொழிற்சாலைகளின் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலை அங்கே கிடைத்தது. வேலை உறுதியான நாளிலிருந்து விமானம் ஏறும் வரை ஏழு மாதங்கள் ஆயின. அதில் பெரும்பகுதியை விழுங்கியது ஒரே ஓர் எழுத்துதான்.

அங்கீகாரம் பெற்ற முதலாளியின் பேரில் தரப்படும் அந்த வேலை விசாவுக்கு, 2024 ஏப்ரலில் ஒரு புது நிபந்தனை வந்திருந்தது. அந்தத் துறையில் மூன்றாண்டு அனுபவமோ அதற்கு ஈடான தகுதிச் சான்றிதழோ இருப்பதை அப்போது காட்ட வேண்டியிருந்தது (2025 மார்ச்சிலிருந்து அனுபவம் இரண்டாண்டாகக் குறைந்தது). அனுபவத்துக்கு என்ன குறை என்று நான் அலட்சியமாக இருந்துவிட்டேன். முதல் ஆறு ஆண்டுகள் வேலை செய்த ஆலையின் சேவைக் கடிதத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தபோதுதான், அதில் என் தகப்பனார் பெயர் 'முனிசாமி' என்று இருந்தது கண்ணில் பட்டது. அடையாள அட்டையிலும் கடப்பிதழிலும் அவர் 'முனுசாமி'. அப்பா அந்த ஆலையின் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். பழைய செக்ரோலில், அதாவது தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில், கிராணி (அலுவலக எழுத்தர்) காதில் விழுந்தபடி எழுதிய பெயரையே ஆலை அலுவலகமும் என் கடிதத்தில் இறக்கியிருந்தது. திருத்தி வாங்கலாமென்றால் அந்த ஆலை கைமாறிவிட்டது. புதிய நிர்வாகமோ பழைய பதிவேடுகள் தங்களிடம் இல்லை என்று மூன்று முறை பதில் சொன்னது.

வழி காட்டியது ஊழியர் சேமநிதி அறிக்கைதான். எந்த மாதம் எந்த முதலாளி எவ்வளவு செலுத்தினார் என்பது அதில் வரிசையாக இருக்கிறது. சேவைக் கடிதத்திலும் சேமநிதி அறிக்கையிலும் அடையாள அட்டை எண் ஒன்றாகவே இருந்தது. அந்த அறிக்கையோடு, கைக்குக் கிடைத்த பழைய சம்பளச் சீட்டுகளையும் சேர்த்து, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒரு சத்தியப் பிரமாணப் பத்திரம் தயாரித்து, சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையெழுத்திட்டேன். மறு கேள்வி வரவில்லை. நம் தோட்டப்புறத்துப் பிள்ளைகளில் பாதிப் பேருக்காவது இப்படி ஒரு முனியும் முனுவும் இருப்பார்கள் என்பது என் எண்ணம். எனவே வேலை தேடத் தொடங்கும் முன்பே எல்லாப் பத்திரங்களையும் மேசைமேல் பரப்பி எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டம் வேறு நம்மைத் திண்டாட வைக்கும். நம் கடப்பிதழில் குடும்பப் பெயருக்கென்று தனி இடம் கிடையாது, 'இன்னாரின் மகன்' என்று பொருள்படும் 'ஏ/எல்' மட்டுமே உண்டு. ஓரிடத்தில் எப்படி நிரப்பினீர்களோ, எல்லா இடத்திலும் அப்படியே நிரப்புங்கள்.

இந்த இழுபறியில் என் அவசரப் புத்தியால் ஒரு தண்டச் செலவும் வந்தது. வேலை உறுதியானதும் முதல் காரியமாக இடிஎஸ் ரயில் பிடித்துக் கோலாலம்பூர் போய், நியூசிலாந்து ஏற்றுக்கொள்ளும் மருத்துவரிடம் உடற்பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் முடித்துவிட்டேன். விண்ணப்பத்தோடு தரும் மருத்துவச் சான்று மூன்று மாதங்களுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை. பெயர்ப் பிரச்சினை தீர்ந்தபோது அது காலாவதியாகியிருந்தது. மறுபடியும் அதே ரயில், அதே எக்ஸ்ரே, அதே கட்டணம். வெளியுறவு அமைச்சு தரும் நன்னடத்தைச் சான்றிதழுக்கு ஆறு மாதம் வரை கெடு உண்டு. ஆனால் அது கைக்கு வரவே பல வாரங்கள் ஆகும். ஆகவே பெயர்த் திருத்தமும் அனுபவச் சான்றும் முதலில், நன்னடத்தைச் சான்றிதழ் அடுத்து, மருத்துவம் எல்லாவற்றுக்கும் கடைசியில் என்று வைத்துக்கொள்வதே சரி.

இடையில் ஈப்போவில் ஒரு முகவர், பதினைந்தாயிரம் வெள்ளி கொடுத்தால் எல்லாவற்றையும் தாமே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். நியூசிலாந்துக் குடிநுழைவு ஆலோசனையைக் கட்டணத்துக்கு வழங்குபவர் பொதுவாக அந்நாட்டு உரிமம் பெற்றிருக்க வேண்டும் என்பது 2007ஆம் ஆண்டில் அங்கே இயற்றப்பட்ட சட்டம். உரிமம் பெற்றவர் பட்டியலை யாரும் இணையத்தில் பார்க்கலாம். இவர் பெயர் அதில் இல்லை. காப்பி குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

வேலையை விடும்போது வருமான வரியை மறந்துவிடக் கூடாது. மூன்று மாதத்துக்கு மேல் நாட்டைவிட்டுப் போகும் ஊழியரைப் பற்றி, புறப்பாட்டுக்குக் குறைந்தது 30 நாள் முன்னதாக, சிபி21 என்ற பாரம் மூலம் வரி வாரியத்துக்குத் தெரிவிப்பது முதலாளியின் பொறுப்பு. எங்கள் அலுவலகக் கிராணி அப்படியொரு பாரத்தைப் பார்த்ததே இல்லை என்றார். நானே அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வரித் தீர்வுக் கடிதம் வரும்வரை கடைசிச் சம்பளத்தைப் பிடித்து வைப்பார்கள் என்பதால், அந்தப் பணத்தை நம்பி டிக்கெட் வாங்காதீர்கள். சேமநிதிப் பணமும் கைக்கு வராது. நாட்டைவிட்டுப் போவதைக் காரணம் காட்டி அதை எடுப்பவர் குடியுரிமையைத் துறந்திருக்க வேண்டும். நான் அதை அப்படியே விட்டுவிட்டு, வாரிசு நியமனத்தை மட்டும் மனைவி பெயரில் புதுப்பித்தேன். தற்காலிக விசாவில் இருப்பவர் நியூசிலாந்தின் கிவிசேவர் என்ற ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டத்தில் சேர முடியாது என்பதால், இங்குள்ள கணக்கிலேயே மாதம் ஒரு தொகையைச் சுயமாகச் செலுத்தி வருகிறேன்.

அங்கே வாடகையை வாரக் கணக்கில் பேசுவார்கள். முன்பணமாக நான்கு வார வாடகை வரையும், அதற்கு மேல் இரண்டு வார வாடகை வரையும் முன்கூட்டியே கேட்கலாம். ஆக ஆறு வார வாடகை, முதல் சம்பளம் வரை சாப்பாடு, கம்பளி உடுப்பு எல்லாவற்றுக்கும் கையில் பணம் இருக்க வேண்டும். அதனால்தான் மனைவியையும் மகளையும் பிறகு அழைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம்.

பெட்டி கட்டும்போது எனக்கு இருந்த ஒரே கவலை என் பாதுகாப்புக் காலணி. மண் ஒட்டிய காலணி, விதை, உணவுப்பொருள் எதையும் அறிவிக்காமல் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். ஆலையில் ஆண்டுக்கணக்கில் மிதிபட்ட அந்தக் காலணியை, முதல் நாள் மாலை லயத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து பழைய பல்துலக்கியால் பள்ளம் பள்ளமாகச் சுரண்டினேன். அம்மா பக்கத்தில் நின்று வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார். கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை எதையும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. கடையில் வாங்கிய, பிரிக்காத கறித்தூள் பொட்டலங்கள் இரண்டை மட்டும் அறிவிப்பு அட்டையில் எழுதினேன். ஆக்லாந்தில் அதிகாரி பொட்டலங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, காலணிகளைத் தலைகீழாகத் திருப்பி விளக்கடியில் வெகுநேரம் ஆராய்ந்தார். மண் ஒரு துளியும் இல்லை. எண்ணெய் வாடை மட்டும் இருந்தது. இது என்ன வாடை என்று கேட்டார். செம்பனை என்றேன். சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார்.